அப்பா பார்த்து வாங்கிய ஜோடி லேப்டாப்

என் அப்பாவுக்கு மாடு பார்க்கத் தெரியும். உப்பிலியபுரம் பக்கத்தில் யார் மாடு வாங்கப் போனாலும் அவரையும் ஒரு வார்த்தை கேட்டுக் கூட்டிப் போவார்கள். அவரும் வெளுத்த வேட்டிக்கு மாறிக் கிளம்பிவிடுவார். தரகு வாங்க மாட்டார். டீ மட்டும் குடிப்பார், மாட்டைப் பற்றி நாலு குறை சொல்வார், வீட்டுக்கு வந்துவிடுவார். இதிலெல்லாம் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. எனக்கு லேப்டாப் வாங்க வந்த இடத்திலும் அதையே செய்தார் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

எனக்கு ஏன் லேப்டாப் தேவைப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் மொபைல் ஆப் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். சேர்ந்து வருஷம் திரும்பவில்லை, அப்பாவிடமிருந்து போன் வந்தது. நல்ல இடம் வந்திருக்கிறது, லீவு சொல்லிவிட்டு வா என்றார். லீவு சொல்லிவிட்டு வந்தவள் திரும்பிப் போகவில்லை. கல்யாணம் ஆனது, ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டில் குடித்தனம் வைத்தோம், மகள் பிறந்தாள். வீட்டுக்காரர் துவாக்குடிப் பக்கம் ஒரு பட்டறையில் ஷிப்ட் பார்க்கிறார், நல்ல மனிதர். வாழ்க்கையில் குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் யாராவது போனில் ஒரு ஆப்பைத் திறந்து இது ஏன் இப்படி மக்கர் பண்ணுது என்று கேட்டால், அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும் போல இருக்கும்.

மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் மறுபடி படிக்க உட்கார்ந்தேன். பாடங்களெல்லாம் இன்டர்நெட்டில் இலவசமாகவே கிடைத்தன. கம்ப்யூட்டர்தான் சிக்கல். என்னிடம் இருந்தது பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த லேப்டாப். அது அதன் காலத்துக்கு உழைத்துக் களைத்துவிட்ட ஜீவன். ஆப் செய்கிற சாஃப்ட்வேரைத் திறக்கச் சொல்லிவிட்டு நான் போய் உளுந்து களைந்து கிரைண்டரில் போடுவேன். திரும்பி வந்தால் பாதி திறந்திருக்கும். எழுதியதை ஓட்டிப் பார்க்கச் சொன்னால் மாவு பொங்கிவிடும், ஆப் வராது. இப்படி இட்லியும் ஆப்பும் சேர்த்துக் கற்றுக்கொண்ட ஆள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்த நேரத்தில்தான் சென்னையில் ஒரு சின்ன கம்பெனி என் விண்ணப்பத்துக்குப் பதில் போட்டது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம், ஆனால் கம்ப்யூட்டர் சொந்தமாக இருக்க வேண்டும் என்றார்கள். தண்ணீர் கேன் வீட்டுக்கு வரவழைக்கிற ஆப் ஒன்றைச் செய்து, வீடியோ காலில் அவர்கள் கண் முன்னால் ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். மாதக் கடைசி வரைக்கும் நேரம் கொடுத்திருந்தார்கள். வேலை கிடைத்தால் கிடைத்தது. கிடைக்காவிட்டால் என் வெட்டி வருஷங்களோடு இன்னொரு வருஷம் சேரும், அதற்குப் பிறகு என்னை யாரும் கூப்பிடப் போவதில்லை. இது எனக்குப் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. வீட்டுக்காரருக்கும் தெரிந்தது. அதனால்தான் அன்றைக்குக் குழம்பில் உப்பில்லாததைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

புது லேப்டாப் வாங்க வசதி இல்லை. பழசில் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கிக்கொள்ளலாம் என்று முடிவு செய்து, அதற்கென்று ஒரு படிப்புப் படித்தேன். ஐபோனுக்கு ஆப் செய்ய வேண்டுமானால் அதற்கென்றே உள்ள கம்ப்யூட்டர் வேண்டும். அதில் ரொம்பப் பழசை வாங்கினால் புது சாஃப்ட்வேர் ஏறவே ஏறாது, புதுசு நம்மை ஏறிட்டும் பார்க்காது. சரி, ஆண்ட்ராய்டோடு நிறுத்திக்கொள்வோம் என்று அந்த ஆசையைக் கழற்றி வைத்தேன். அடுத்தது ராம். சமையல் மேடை மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். மேடை சின்னதாக இருந்தால் காய் நறுக்க இடமிருக்காது, நறுக்கினால் தட்டு வைக்க இடமிருக்காது. ஆப் வேலைக்குப் பதினாறு ஜிபி இருந்தால் நிம்மதி. எட்டு என்றால் கண்ணீர். கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பொய் போனை ஓட்டிக் காட்டும் வசதி உண்டு, அது மொத்த மேடையையும் தின்றுவிடும். அதை ஒதுக்கிவிட்டு, நிஜ போனையே வயரில் செருகிச் சோதித்துக்கொள்ளலாம். உடம்பில் கீறல் இருந்தால் பரவாயில்லை, பேட்டரி சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, உள்ளே இருப்பது ரொம்ப வயசானதாக இருக்கக்கூடாது. இவ்வளவையும் வீட்டுக்காரரிடம் விளக்கி முடித்தபோது அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எவ்வளவு கிலோமீட்டர் ஓடியிருக்கும், சிங்கிள் ஓனரா என்று கேட்டார். அவர் உலகத்தில் பழசு என்றால் பைக்.

கடைக்குப் போவதாக இருந்த சனிக்கிழமை அவருக்குப் பகல் ஷிப்ட் போட்டுவிட்டார்கள். அதே நாள் பார்த்து அப்பா துறையூர் பஸ்ஸில் திருவானைக்கோவிலில் வந்து இறங்கி, ஒரு சாக்குச் சின்ன வெங்காயத்தோடு வாசலில் நின்றார். வெங்காயம் அந்த முறை நல்ல விலைக்குப் போயிருந்தது. விஷயத்தைக் கேட்டதும் பெண்ணுக்கு நான் வாங்கித் தருகிறேன் என்று கிளம்பிவிட்டார். நான் சேர்த்து வைத்த பணம் இருக்கிறது என்றேன், காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பணம் அவர் மடியில் இருந்தது. பணம் யார் மடியில் இருக்கிறதோ அவர்தான் பார்ப்பார் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கடை சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில். பெரிய கம்பெனிகள் கழித்துக்கட்டிய லேப்டாப்புகளை மொத்தமாக எடுத்து வந்து துடைத்து விற்கிறவர்கள். சுவர் ஓரமாக எல்லாம் வரிசையாகத் திறந்து நின்றன. அப்பா வாசலிலேயே ஒரு நிமிஷம் நின்று அந்த வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தார். சந்தைக்குள் நுழையும்போது அவர் பார்க்கிற பார்வை அது.

நான் கடைக்காரரிடம் எது எந்த வருஷத்தது, எதில் எவ்வளவு ராம் என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். அப்பா தன் போக்கில் ஆரம்பித்துவிட்டார். முதலில் கீபோர்டு. மாட்டுக்குப் பல் பார்ப்பது போல ஒவ்வொரு எழுத்தாகக் குனிந்து பார்த்தார். எழுத்து அழிந்திருந்தால் கிழடு, அழியாமல் இருந்தால் இளசு. கீபோர்டை மட்டும் புதிதாக மாற்றிவிட்டு விற்பார்கள் அப்பா என்று காதோரம் சொன்னேன். பல்லைக்கூடவா மாற்றுவான் என்று என்னை நம்பாமல் பார்த்தார். அடுத்து மூடியைத் திறந்து மூடி, திறந்து மூடி, நடை பார்த்தார். காற்று வருகிற ஓட்டையில் புறங்கையை வைத்து மூச்சுப் பார்த்தார். ஒவ்வொன்றாகத் தூக்கி எடை பார்த்தார். கனமாக இருந்தால் திருப்தியாகத் தலையாட்டினார், லேசாக இருந்தால் சவலை என்று ஒதுக்கினார். கம்ப்யூட்டர் உலகமே வருஷக்கணக்காக எடையைக் குறைக்க மண்டையை உடைத்துக்கொள்கிறது. என் அப்பாவுக்கு அதெல்லாம் தீனி போடாமல் வளர்த்தது.

இதற்குள் எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. நான் நினைத்த வயசு, பதினாறு ஜிபி, பேட்டரிகூட மோசமில்லை. விலையும் கைக்கு அடக்கம். மூடியில் யாரோ ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருந்து, அதைப் பிய்த்த இடத்தில் வட்டமாகப் பசைத் தடம். அவ்வளவுதான் குறை. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் அந்தப் பசை வட்டத்தைக் கட்டை விரலால் தடவினார், தள்ளி நின்று பார்த்தார், மறுபடி கிட்டே வந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"இது வேண்டாம் பாப்பா. சுழி சரியில்ல."

மாட்டின் முதுகில் மயிர் சுழித்திருக்கிற இடத்தை வைத்து அது குடும்பத்துக்கு ஆகுமா ஆகாதா என்று சொல்வார்கள். அதைத்தான் சொல்கிறார். அது சுழி இல்லை, பசை என்றேன். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் போய்விடும் என்றேன். சுழியைத் துடைத்துவிட்டு விற்கிறவனைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்று அப்பா கடைக்காரரை ஒரு பார்வை பார்த்தார். கடைக்காரர் சிரித்து மழுப்பியிருக்க வேண்டாமா? அவர் ரொம்ப மரியாதையாக, ஐயா சொல்வதும் சரிதான், சில பேருக்கு ஆகாது என்றார். அப்புறம்தான் தெரிந்தது, ஆள் மருங்காபுரிக்காரர், அவருடைய அப்பா மணப்பாறைச் சந்தையில் தரகு பார்த்தவர். என் தலையெழுத்து.

பிறகு அந்த இரண்டு பேருக்கும் நான் அங்கே இருப்பதே மறந்துபோனது. அப்பா மூலையில் இருந்த இரண்டு கறுப்பு லேப்டாப்புகளுக்கு எதிரில் போய் நின்றார். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே வயசு, ஒரே அலுவலகத்திலிருந்து வந்தவை. கல்லு மாதிரி கனம். மூடியில் ஒரு கீறல் கிடையாது. நான் அவசரமாகப் போய்ப் பார்த்தேன். வயசு தேவலாம், ஆனால் ஆளுக்கு எட்டு ஜிபிதான். அப்பா, இதில் ஒன்று எனக்குப் போதாது என்றேன். "அதான் ரெண்டா வாங்குறோம். ஒத்தை மாட்டை வெச்சுக்கிட்டு எவன் ஏர் ஓட்டுவான்" என்றார். இரண்டு லேப்டாப்பைச் சேர்த்துப் பூட்ட முடியாது என்பதை நான் எப்படிச் சொல்வது? சொல்ல வாய் திறப்பதற்குள் அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்து வலது கை மேல் போட்டுக்கொண்டு கையை நீட்டிவிட்டார். கடைக்காரர் ஒரு கணம் திகைத்தார். பிறகு முகமெல்லாம் மலர்ந்து துண்டுக்குள் கையை விட்டார்.

சந்தையில் விலையை வாயால் பேச மாட்டார்கள். துண்டுக்குள் விரலைப் பிடித்து அழுத்தித்தான் பேசுவார்கள். சுற்றி நிற்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது, பேசுகிற இரண்டு பேருக்குத்தான் தெரியும். அன்றைக்குச் சுற்றி நின்றவள் நான் ஒருத்திதான். என் வேலைக்கு, என் லேப்டாப்புக்கு, என் முன்னாலேயே பேரம் நடக்கிறது, எனக்கு விலை தெரியக்கூடாது. துண்டு அசைந்தது. கடைக்காரர் விட்டத்தைப் பார்த்தார். அப்பா கையை உருவிக்கொண்டு போகிற மாதிரிப் போனார். மறுபடி துண்டு அசைந்தது. எனக்கு அந்தத் துண்டைப் பிடித்து இழுத்துக் காவிரியில் போட்டுவிடலாம் போல ஆத்திரம் வந்தது. ஆனால் நாலு பேர் இருக்கிற இடத்தில் அப்பாவை விட்டுக்கொடுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மவுஸ் வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் இருவரும் சிரித்தார்கள், ஜோடி கைமாறிவிட்டது.

திரும்பி வரும்போது டவுன் பஸ்ஸில் ஆளுக்கொரு லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பாலத்தில் போகும்போது, முக்கொம்பில் தண்ணீர் திறந்துவிட்டான் போலிருக்கிறது என்று அப்பா பேச்சுக் கொடுத்தார். நான் ஜன்னல் கம்பியை எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. அடிமாட்டு விலைக்குப் பேசி முடித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில் இருந்தார். அம்மா மண்டபம் நிறுத்தம் வரைக்கும் தன் மடியிலிருந்ததைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே வந்தார்.

வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்து, மேஜை மேல் ஜோடியாக நின்றவற்றைப் பார்த்து, கதையைக் கேட்டு, பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தார். மாமனாருக்கு முன்னால் சிரிக்க மாட்டார், அந்த மரியாதை உண்டு. ஆனால் அந்தக் கதவு தகரக் கதவு, சத்தம் வெளியில் கேட்டது.

அப்பா மறுநாள் ஊருக்குப் போன பிறகு வேலையை ஆரம்பித்தேன். பழைய அரசாங்க லேப்டாப்புக்கு இது எவ்வளவோ மேல்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஆப் கொஞ்சம் வளர்ந்ததும் மூச்சு முட்ட ஆரம்பித்தது. ஒன்றில் எழுதி இன்னொன்றில் ஓட்டிப் பார்த்தேன். பென் டிரைவைப் பிடுங்கிப் பிடுங்கி மாற்றுவதிலேயே பொழுது போனது, எழுதியதில் எது புதுசு எது பழசு என்று எனக்கே குழம்பியது. ஒரு மத்தியானம் முழுக்க நான் சரி செய்தது பழைய நகல் என்று தெரிந்தபோது உட்கார்ந்து அழுதேன். வேலை கிடைக்காமல் போனால் காரணம் என் மூளை இல்லை, ஒரு பசை வட்டம் என்று ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டும் போலிருந்தது. ராம் மட்டும் தனியாக வாங்கிப் போடலாம் என்று விசாரித்தால், அந்தச் சமயம் பார்த்து அதன் விலை கண்டபடி ஏறிக் கிடந்தது. என் சேமிப்போ மகளின் ஸ்கூல் பீஸுக்குப் போய்விட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் பைக்கைக் கழற்றிப் போட்டு ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, ரொம்பச் சாதாரணமாக, என் பைக்குக்கு ஒரு சாமான் கிடைக்கவில்லை என்றால் அதே மாடல் பழைய வண்டியிலிருந்துதான் எடுத்துப் போடுவேன், உன்னிடம்தான் ஒரே மாடலில் இரண்டு இருக்கிறதே என்றார். நான் அவரைப் பார்த்தேன். ராம் போடுகிற இடம் இதில் ஒன்று காலியாக இருக்கும் என்று நான்தான் படித்து வைத்திருந்தேன். படித்தது எல்லாம் நான், தோன்றியது அவருக்கு. அதை நான் அவரிடம் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கும் அதே யோசனைதான் என்று சொல்லிவிட்டேன்.

பைக் திருப்புளி பெரிதாக இருந்ததால் மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து சின்னதாக ஒன்று வாங்கி வந்தார். பத்திரிகையை விரித்து இரண்டையும் கவிழ்த்துப் போட்டோம். இதிலிருந்த ராமைக் கழற்றி அதில் செருகினோம். இதன் பேட்டரி நன்றாக இருந்ததால் அதையும் அதற்கே மாற்றினோம். பட்டனை அழுத்தியபோது பதினாறு என்று காட்டியது. சாஃப்ட்வேர் திறந்தது, தண்ணீர் கேன் ஆப் வயரில் செருகியிருந்த போனில் போய் நின்றது. நான் எழுந்து சமையலறைக்குப் போகவே தேவைப்படவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் நல்ல காபி போட்டுக் கொடுத்தேன், உப்பும் குழம்பில் சரியாக இருந்தது.

மற்றொன்று வெறும் கூடு. மூடி வைத்தால் முன்னைப் போலவே இருக்கும், பட்டனை அழுத்தினால் ஒரு முனகல்கூட வராது. அதை அலமாரியில் வைத்தேன். அன்றிலிருந்து ஒரு புதுச் சங்கடம் தொடங்கியது. அப்பா தினமும் போன் செய்வார். பேத்தியை விசாரிப்பதற்கு முன்னால் "ரெண்டும் நல்லா இருக்கா" என்று கேட்பார். நல்லா இருக்குப்பா என்பேன். ஒன்றுக்கே வேலை கொடுக்காதே, மாற்றி மாற்றிக் கொடு, இல்லாவிட்டால் மற்றது சோம்பிப் போகும் என்பார். சரிப்பா என்பேன். அவரால் உண்மையைத் தாங்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. ஜோடி மாட்டில் ஒன்றை அறுத்து இன்னொன்றுக்குக் கொடுத்தேன் என்று அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? வயசான மாட்டைக்கூட கறிக்கு விற்க மாட்டேன் என்று கொட்டகையில் கட்டிவைத்துத் தீனி போட்டவர் அவர். அப்பா மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஏதோ கொலை செய்துவிட்டு மறைக்கிறவள் மாதிரி இருந்தேன்.

வீடியோ காலுக்கு நாள் குறித்ததும், முதல் தடவை ஏர் பூட்டும்போது நான் பக்கத்தில் இருப்பேன் என்று சொல்லி அப்பா கிளம்பி வந்துவிட்டார். வீட்டுக்காரர் பட்டறைக்கும் மகள் ஸ்கூலுக்கும் போயிருந்தார்கள். வீட்டில் நானும் அவரும்தான். மேஜையில் ஒன்றுதான் இருப்பதைப் பார்த்து, இன்னொன்று எங்கே என்றார். இனி தப்பிக்க வழியில்லை. அலமாரியிலிருந்து கூட்டை எடுத்து வந்து, துடைத்து, திறந்து, உயிருள்ளதற்குப் பக்கத்தில் ஜோடியாக வைத்தேன். அப்பா முகத்தில் ஒரு நிறைவு. பிறகு, இது ஏன் இருட்டாக இருக்கிறது என்று கேட்டார்.

கால் வர இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன். இதில் ஆப்பை ஓட்டிக் காட்டுவேன், அந்த இருட்டாக இருப்பது நாம் பேசுவதை அவர்களுக்கு அனுப்பும், அதற்குப் படம் வராது என்றேன். அப்போ வாயும் காதும் அது என்றார். ஆமாம் என்றேன். போய்க் கட்டிலில் உட்கார்ந்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சென்னையிலிருந்து ஒரு அம்மாவும் ஒரு இளைஞரும் திரையில் வந்தார்கள். ஆப்பை ஓட்டிக் காட்டினேன். கேன் கேட்டால் கேன் வந்தது, வேண்டாம் என்றால் போனது, காலி கேனைத் திரும்ப எடுத்துப் போகச் சொல்லும் பட்டன்கூட வைத்திருந்தேன். அது அவர்கள் கேட்காதது. என் லேப்டாப் தன் பங்குக்கு மூச்சு வாங்கியதில், பின்னால் மிக்ஸி ஓடுகிறதா என்று அந்த இளைஞர் கேட்டார். இல்லை சார், ஃபேன் என்றேன். இருவரும் சிரித்தார்கள். ஒரு இடத்தில் இப்படி இல்லாமல் அப்படி மாற்ற முடியுமா என்று கேட்டார்கள். கண் முன்னாலேயே மாற்றிக் காட்டினேன். எனக்குள் தைரியம் வந்துவிட்டது. இவ்வளவு நாள் கழித்தும் கை மறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது அந்த அம்மா, வேலையைப் பொறுத்தவரை திருப்திதான், ஒன்று மட்டும் கேட்க வேண்டும் என்றார். "முன்னாடி கம்பெனியில ஒரு வருஷம்கூட முடியல, நடுவுல விட்டுட்டுப் போயிருக்கீங்க. நாங்க எடுத்தா, மறுபடியும் அப்படிப் போக மாட்டீங்கன்னு எப்படிங்க நம்புறது?"

குடும்பச் சூழ்நிலை என்று பதில் தயார் செய்துதான் வைத்திருந்தேன். ஆனால் அந்தக் குடும்பச் சூழ்நிலை கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. அவர் காதுபட அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஃபேன் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. இத்தனை தூரம் வந்து, கேன் ஆப்பெல்லாம் சரியாக ஓடி, இந்தக் கேள்வியில் எல்லாம் போகப் போகிறது என்று நினைத்தேன்.

கட்டில் கிறீச்சிட்டது. அப்பா எழுந்து வந்தார். என்னைத் தாண்டிப் போய், அந்த வெறும் கூட்டுக்கு எதிரில் குனிந்து, அதன் இருண்ட திரையைப் பார்த்து இரண்டு கைகளையும் கூப்பினார்.

"வணக்கம்ங்க. நான் அவ அப்பாங்க. அவ வேலையை விடலங்க. நான்தான் லீவு போட்டுட்டு வான்னு வரச் சொன்னேன். திரும்பிப் போறேன்னு கேட்டா, நான்தான் விடல. தப்பு என்னுதுங்க. இனிமே நான் கூப்பிட மாட்டேங்க."

கல்யாணத்துக்கு அப்புறம் இந்தப் பேச்சை நாங்கள் எடுத்ததே இல்லை. நான் கேட்டதை அவர் மறந்திருப்பார் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். எனக்குக் கண் மறைத்தது. கேமரா ஓடிக்கொண்டிருந்ததால் மூக்கைத் துடைப்பது போல முகத்தை மறைத்துக்கொண்டேன். சென்னையில் இருந்தவர்களுக்கு அப்பாவின் ஒரு முழங்கையும் அரைத் தோளும்தான் தெரிந்திருக்கும். அப்பா அந்தக் கறுப்புத் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார். அதில் ஒன்றும் இல்லைப்பா, உயிரை எடுத்தது நான்தான் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் லேப்டாப்பை மெல்ல அவர் பக்கம் திருப்பினேன்.

திரையில் இரண்டு முகங்களைக் கண்டதும் அப்பா ஓர் அடி பின்வாங்கினார். பிறகு மறுபடி கும்பிட்டார். அந்த அம்மாவும் பதிலுக்குக் கும்பிட்டார். "சரிங்கய்யா. நாங்களும் அவங்களைப் போகச் சொல்ல மாட்டோம். திங்கட்கிழமையிலேர்ந்து சேர்ந்துக்கச் சொல்லுங்க" என்றார்.

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், எல்லாம் என் காதிலும் விழுந்தது. ஆனாலும் சேர்ந்துகொள்ளச் சொல்லும்படி அவரிடம்தானே சொன்னார்கள். அப்பா என் பக்கம் திரும்பி, "திங்கட்கிழமை வேலைக்குப் போ பாப்பா" என்றார். எங்கேயும் போகிற வேலை இல்லை, அதே வீடு, அதே மேஜைதான். போறேன்ப்பா என்றேன்.